பன்னிரண்டு தாளக்கட்டுகள்: பில்லி ஹாலிடேயும் லெஸ்டர் யங்கும் இசைத்த ஒரு மாலை



நினைவுப் பேருரைக்கு ஜாஸ் இசையை ஏன் பொருளாக எடுத்துக்கொண்டோம் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. மறைந்த முன்னோடிகளை நினைவுகூரும் இத்தகைய அவைகளில் நாம் பெரும்பாலும் எழுத்தைப் பற்றியே பேசிவந்திருக்கிறோம். கவிதை, தன்வரலாறு, நாவல், அவற்றின் அரசியல் என்று நம் விவாதங்கள் விரிந்திருக்கின்றன. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றில் எழுத்துக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது ஒலி. ஏடும் எழுத்தாணியும் மறுக்கப்பட்டவர்களுக்குக் குரல் இருந்தது, கை இருந்தது, தோல்கருவி இருந்தது. அந்த ஒலியைச் சமூகம் எப்படிக் கேட்டது, ஒலித்தவரை எப்படி நடத்தியது என்ற இரண்டு கேள்விகளும் நமக்கு நெருக்கமானவை. ஒலியை வாங்கிக்கொண்டு ஒலித்தவரை வாசலிலேயே நிறுத்திவைப்பது எப்படி நடக்கிறது என்பதை ஓர் அமெரிக்க மாலைப்பொழுதை முன்வைத்துப் பார்க்கலாம். ஒரு பாடகி, ஒரு சாக்ஸபோன் கலைஞர், ஒரு நேரலை ஒளிபரப்பு. நம் பொருள் இவ்வளவுதான்.

அந்த மாலை

1957 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. டிசம்பர் மாதத்தில் நியூயார்க் நகரில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அன்று ஐந்து மணிக்கு சிபிஎஸ் தொலைக்காட்சி 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' என்ற ஒரு மணி நேர நிகழ்ச்சியை நேரலையாக ஒளிபரப்பியது. தயாரித்தவர் ராபர்ட் ஹெரிட்ஜ். இயக்கியவர் ஜாக் ஸ்மைட். இசைக்கலைஞர்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பு நாட் ஹென்டாஃப், விட்னி பேலியட் என்ற இரு விமர்சகர்களிடம் விடப்பட்டிருந்தது.

அக்காலத் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகளில் இருந்த அலங்காரம் எதுவும் இதில் இல்லை. கலைஞர்கள் தாங்கள் வழக்கமாக உடுத்தும் உடையிலேயே இருந்தார்கள். சிலர் தலையில் தொப்பி. கேமராக்கள் நடமாடுவதும் படத்தில் தெரிந்தது. ஒத்திகைக் கூடத்துக்குள் நாமும் ஓர் ஓரமாக நிற்பது போன்ற தோற்றம். கவுண்ட் பேஸி, தெலோனியஸ் மங்க் போன்ற பெரும் கலைஞர்கள் பங்கேற்ற அந்த ஒரு மணி நேரத்தில், இன்றுவரை உலகம் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு பாடலைத்தான். பில்லி ஹாலிடே பாடிய 'ஃபைன் அண்ட் மெல்லோ'.

அப்போது பில்லி ஹாலிடேவுக்கு வயது 42. உயரமான ஒரு முக்காலியில் அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் ஆண்கள். டெனர் சாக்ஸபோனில் கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங். பாரிட்டோன் சாக்ஸபோனில் ஜெர்ரி மல்லிகன். டிரம்பெட்டில் ராய் எல்ட்ரிஜ், டாக் சீத்தம். டிராம்போனில் விக் டிக்கன்சன். பியானோவில் மால் வால்ட்ரன், கித்தாரில் டேனி பார்க்கர், பாஸில் மில்ட் ஹின்டன், டிரம்ஸில் ஓஸி ஜான்சன். அந்தக் குழுவில் வெள்ளையர் மல்லிகன் ஒருவரே. பெண் பில்லி ஒருவரே. பாடலும் அவர் ஆக்கியதுதான்.

லெஸ்டர் யங் அன்று உடல்நலம் குன்றியிருந்தார். நிகழ்ச்சியின் பெரிய வாத்தியக் குழுவில் வாசிக்கும் பொறுப்பிலிருந்து அவரை விடுவித்திருந்தார்கள். இந்த ஒரு பாடலுக்கு மட்டும் எழுந்து வந்தார். அவருக்குக் கிடைத்தது பன்னிரண்டு தாளக்கட்டுகள், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அந்த நேரத்தின் எடை என்ன என்பதை அறிய, அவர்கள் இருவரும் அங்கே வந்துசேர்ந்த வழியை அறிய வேண்டும்.

தடைசெய்யப்பட்ட முழவு

1739இல் வட அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முழவு கொட்டிக்கொண்டு அவர்கள் அணிவகுத்துச் சென்றார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1740இல், அந்தக் குடியேற்றம் ஒரு சட்டம் இயற்றியது. அடிமைகள் முழவும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அடிமைகளுக்கு எழுதக் கற்றுத்தருவதையும் அதே சட்டம் தண்டனைக்குரியதாக்கியது. எழுத்தையும் முழவையும் ஒரே சட்டத்தில் வைத்துத் தடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. இரண்டும் செய்தி சொல்பவை என்று ஆண்டைகளுக்குத் தெரிந்திருந்தது.

முழவு போனபோது தாளம் உடலுக்குள் போயிற்று. கைதட்டலிலும் காலடியிலும், வயல்வேலையின் கூவல்களிலும், தேவாலயப் பாடல்களிலும் அது தங்கிவாழ்ந்தது. நம் நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடுவதைப் போல, அங்கும் அழைப்பும் மறுமொழியுமாகப் பாடும் முறை வேரூன்றியது. அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிந்த பின்னர், இந்த மரபுகளும் பித்தளை வாத்தியக் குழுக்களின் இசையும் நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களில் ஒன்றுகலந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உருவான இசையே ஜாஸ்.

அதற்குப் பின் நடந்தது நமக்குப் பழக்கமான கதை. 1917இல் வெளியான முதல் ஜாஸ் இசைத்தட்டை வாசித்தது முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஒரு குழு. 1920களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்கள் வாழும் தெருவின் நடுவே, காட்டன் கிளப் என்ற விடுதி கொடிகட்டிப் பறந்தது. மேடையில் ஆடியவர்களும் பாடியவர்களும் கறுப்பர்கள். மேசைகளில் அமர்ந்து கேட்கும் உரிமையோ வெள்ளையர்களுக்கு மட்டும்தான். ஹார்லெம்வாசி தன் தெருவில் உள்ள விடுதிக்குள் வாத்தியத்தோடு போகலாம், வாடிக்கையாளராகப் போக முடியாது. பந்தலில் மேளம் கொட்ட வரலாம், பந்தியில் உட்கார முடியாது என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும்.

குரலும் கருவியும்

பில்லி ஹாலிடே 1915இல் பிறந்தவர். பால்டிமோரில் வறுமையில் வளர்ந்தவர். முறையாக இசை பயின்றவரல்லர். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளையும் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளையும் கேட்டுக் கேட்டுத் தன் பாணியை உருவாக்கிக்கொண்டார். அவர் குரலின் வீச்சு சிறியது, உச்சக் கட்டைகளில் ஏறி வியக்கவைக்கும் குரலன்று. அவருடைய ஆற்றல் காலக்கணக்கில் இருந்தது. தாளம் ஓரிடத்தில் விழும். சொல் அதற்குச் சற்றுப் பின்னால் வந்துசேரும். கேட்பவர் நெஞ்சு அந்த இடைவெளியில் ஒரு கணம் காத்திருக்கும். சாதாரணமான திரைப்பாடல், காதல் பாட்டு எதைக் கொடுத்தாலும் அதில் பொருள் கனக்கச் செய்தது இந்தத் தாமதம்.

சாக்ஸபோன் நமக்கு அயலான கருவியன்று. கல்யாண ஊர்வலத்தின் பேண்டு செட்டில் கேட்டிருக்கிறோம். கத்ரி கோபால்நாத் அதைக் கர்நாடக இசை மேடையில் ஏற்றினார். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையால் ஆனது என்றாலும், ஒலி பிறப்பது வாயில் வைக்கும் நாணல் சீவாளியில். அதனால் குழல் வகையிலேயே அதைச் சேர்க்கிறார்கள். ராணுவ பேண்டுகளில் இடம்பிடித்த அந்தக் கருவியை மனிதக் குரலுக்கு மிக அருகில் கொண்டுவந்தவர்கள் கறுப்பினக் கலைஞர்கள்.

லெஸ்டர் யங் 1909இல் மிசிசிப்பி மாநிலத்தில், குடும்பமாக இசை நடத்திய ஒரு வீட்டில் பிறந்தார். அவர் வளர்ந்துவந்த காலத்தில் டெனர் சாக்ஸபோன் என்றால் கோல்மன் ஹாக்கின்ஸ்தான்; கனத்த, நிறைந்த ஒலி. லெஸ்டரின் ஒலி மென்மையானது, மிதப்பது. 1934இல் ஃப்ளெட்சர் ஹென்டர்சன் குழுவில் ஹாக்கின்ஸின் இடத்தில் சேர்ந்தபோது, அவரைப் போல வாசிக்கவில்லை என்று சக கலைஞர்களே குறைசொன்னார்கள். லெஸ்டர் தன் ஒலியை மாற்றிக்கொள்ளாமல் குழுவை விட்டு வெளியேறினார். ஒரு பாடலை வாசிப்பவருக்கு அதன் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சொல்லில்லாத கருவியில் சொல்லை நினைத்து வாசித்தார்.

1937 ஜனவரியில் பியானோ கலைஞர் டெடி வில்சன் நடத்திய ஒலிப்பதிவில் இருவரும் சேர்ந்தார்கள். அன்று தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் வந்த இசைத்தட்டுகளில், பாடகி ஒரு வரியை முடிக்கும் இடத்தில் சாக்ஸபோன் தாழ்ந்த குரலில் பதில் பேசும். பாடலை மூடாமல், அடியொட்டி நடந்துவரும். பில்லி அவருக்கு 'பிரஸ்' என்று பெயர் வைத்தார். 'தலைவர்' என்ற பொருளில். லெஸ்டர் அவரை 'லேடி டே' என்றழைத்தார். சமூகம் பெயர் சொல்லி மரியாதையாக அழைக்க மறுத்த இருவர் ஒருவருக்கொருவர் சூட்டிக்கொண்ட பட்டங்கள் இவை. வரலாற்றில் நிலைத்திருப்பவையும் இவையே. அந்த ஆரம்ப கால ஒலிப்பதிவுகளுக்குப் பில்லிக்குக் கிடைத்தது கைக்கூலி. விற்பனையில் பங்கு கிடையாது.

பன்னிரண்டு தாளக்கட்டுகள் என்பது

'ஃபைன் அண்ட் மெல்லோ' ஒரு ப்ளூஸ் பாடல். ப்ளூஸின் கட்டமைப்பு மிக எளியது. நான்கு எண்ணிக்கை கொண்டது ஒரு தாளக்கட்டு. மேற்கத்திய இசையில் அதை 'பார்' என்பார்கள். பன்னிரண்டு தாளக்கட்டுகள் சேர்ந்தால் ஒரு சுற்று. அந்தப் பன்னிரண்டும் நான்கு நான்காக மூன்று பகுதிகளாகப் பிரியும். முதல் பகுதியில் ஒரு வரி. இரண்டாம் பகுதியில் பெரும்பாலும் அதே வரி மீண்டும் வரும். மூன்றாம் பகுதியில் அதற்கு ஒரு மறுமொழி வரும். ஒரு துயரத்தை ஒருமுறை சொன்னால் யாரும் காதுகொடுப்பதில்லை. இரண்டாம் முறை சொல்லும்போது சொல் மாறுவதில்லை, சொல்லும் விதம் மாறுகிறது. அதன் பிறகே முடிவு சொல்ல இடம் கிடைக்கிறது.

ஒவ்வொரு பகுதியிலும் குரல் நான்கு தாளக்கட்டுகளையும் நிரப்பிவிடாது. ஏறத்தாழ பாதியில் நிறுத்திக்கொள்ளும். மீதி இடம் கருவிக்கு. நம் ஒப்பாரியில் ஒருத்தி மூச்சு வாங்கும்போது இன்னொருத்தி தொடர்வதை நினைத்துக்கொள்ளலாம். ப்ளூஸுக்கே உரிய சில சுரங்களும் உண்டு. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் ஓரிடத்தில் நின்று அசையும் சுரம் அவற்றில் முதன்மையானது. பியானோவின் கட்டைகளில் அது கிடையாது. குரல்தான் வளைத்துப் பிடிக்க வேண்டும், அல்லது சீவாளியில் உதட்டை அழுத்தித் தளர்த்தி வாங்க வேண்டும். ஐரோப்பிய அளவுகோலில் இடமில்லாத சுரத்தை அந்த மக்கள் தங்கள் இசையின் நடுவில் வைத்தார்கள்.

பாடகி ஒரு சுற்றுப் பாடிய பிறகு, கருவிக் கலைஞர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் சுற்றை எடுத்துக்கொள்வார்கள். எழுதிவைத்த இசையன்று, அந்தக் கணத்தில் உருவாவது. ஆனால் எல்லை உண்டு. பன்னிரண்டு முடியும்போது இடத்தை அடுத்தவருக்கு விட வேண்டும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. தாங்கிப் பிடிக்கிறார்கள், கேட்கிறார்கள். கேட்காதவரால் அடுத்த சுற்றை எடுக்க முடியாது. ஒருவருக்குரிய இடம், எல்லோருக்கும் பொதுவான அடித்தளம், பிறர் முறை வரும்போது காதுகொடுக்கும் கடமை ஆகிய மூன்றும் இந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கின்றன. வெளியே பேருந்திலும் பள்ளியிலும் உணவகத்திலும் கிடைக்காத சமத்துவத்தை, கறுப்பின மக்கள் இந்தப் பன்னிரண்டு தாளக்கட்டுகளுக்குள் கட்டிவைத்துப் பழகினார்கள்.

பாடுவதற்கு ஓர் அட்டை

1938இன் இறுதியில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியை பார்னி ஜோசப்சன் தொடங்கினார். மேடையிலும் இருக்கைகளிலும் நிறப் பாகுபாடு இல்லை என்பதே அதன் கொள்கை. அங்கேதான் பில்லி 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடலைப் பாடினார். ஏபல் மீரோபோல் என்ற ஆசிரியர் எழுதியது அது. தென் மாநிலங்களில் கறுப்பர்களை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றியது. பில்லியோடு ஒப்பந்தம் வைத்திருந்த கொலம்பியா நிறுவனம் அதைப் பதிவுசெய்ய மறுத்துவிட்டது. 1939 ஏப்ரலில் கமோடோர் என்ற சிறிய நிறுவனம் பதிவுசெய்தது. அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்த பாடல் எது தெரியுமா? 'ஃபைன் அண்ட் மெல்லோ'. கொன்று தொங்கவிடும் சமூகத்தைப் பற்றிய பாடல் ஒரு பக்கம். தன்னை மோசமாக நடத்தும் ஆணைப் பற்றி ஒரு பெண் பாடுவது மறுபக்கம். வீதியின் வன்முறையும் வீட்டின் வன்முறையும் ஒரே தட்டின் இரு பக்கங்களாயின.

1947இல் போதைப்பொருள் வழக்கில் பில்லி தண்டிக்கப்பட்டு மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் சிறைக்கு அனுப்பப்பட்டார். போதை அடிமைத்தனத்தை நோயாகப் பார்க்காமல் குற்றமாகவே பார்த்த காலம் அது. 1948 மார்ச்சில் விடுதலையானார். அதே மாதம் 27ஆம் தேதி கார்னகி அரங்கில் பாடினார். அரங்கு நிரம்பி வழிந்தது. ஆனால் நியூயார்க்கின் ஒரு சின்ன இரவு விடுதியில் அவரால் பாட முடியவில்லை.

இதற்குக் காரணம் ஓர் அட்டை. 1940 முதல் 1967 வரை நியூயார்க் நகரில் மது பரிமாறும் விடுதிகளில் பணியாற்ற விரும்பும் ஒவ்வொருவரும் காவல்துறையிடம் கைரேகை பதித்து, 'கேபரே அட்டை' பெற வேண்டும். குற்றத் தண்டனை பெற்றவருக்கு அதை மறுக்கலாம், கொடுத்ததைப் பறிக்கலாம். சட்டத்தின் சொற்களில் நிறம் இல்லை. ஆனால் ஜாஸ் கலைஞரின் அன்றாடச் சோறு இரவு விடுதியில்தான் இருந்தது. பெரிய அரங்குக் கச்சேரி ஆண்டுக்குச் சில வரும். வாடகை மாதாமாதம் வரும். தெலோனியஸ் மங்க் 1951இல் அட்டையை இழந்து ஆறு ஆண்டுகள் தன் சொந்த ஊரின் விடுதிகளில் வாசிக்க முடியாமல் இருந்தார். பில்லிக்கு அது கடைசிவரை திரும்பக் கிடைக்கவில்லை. பொதுவான சட்டம் என்ற பெயரில் வந்து, குறிப்பிட்ட மக்களின் பிழைப்பில் மட்டும் கைவைக்கும் விதிகளை நாமும் அறிவோம்.

லெஸ்டரின் சிறை வேறு. 1944இல் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார். 1945இல் போதைப்பொருள் வைத்திருந்ததற்காக ராணுவ நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனை விதித்தது. ஜார்ஜியா மாநிலத்தில், நிறவெறி கோலோச்சிய மண்ணில், ராணுவத் தடுப்புக் கொட்டடியில் அடைபட்டார். வெளியே வந்த பின் அவர் பதிவுசெய்த ஒரு ப்ளூஸுக்கு 'டி.பி. ப்ளூஸ்' என்று பெயரிட்டார். அந்தத் தடுப்புக் கொட்டடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தாம் அவை.

இந்த இருவரும்தாம் 1957 டிசம்பரில் ஒரே கூடத்தில் நிற்கிறார்கள். தொலைக்காட்சி நிலையத்தில் மது பரிமாறுவதில்லை. ஆகவே அங்கே அட்டை தேவையில்லை. ஆனாலும் வாசல் எளிதில் திறந்துவிடவில்லை. போதைக்காகச் சிறை சென்ற ஒரு பெண்ணை, மக்கள் தேவாலயம் சென்று திரும்பும் ஞாயிற்றுக்கிழமையில் அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுவரக் கூடாது என்று விளம்பரதாரர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்ததாக ஹென்டாஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பில்லி இல்லையென்றால் நாங்களும் இல்லை என்று நிகழ்ச்சியை உருவாக்கியவர்கள் உறுதியாக நின்றார்கள். ஆகவே பில்லி பாடினார்.

ஒரு சுற்று

முதல் சுற்றைப் பில்லி பாடுகிறார். பென் வெப்ஸ்டர் கனத்த ஒலியில் தன் சுற்றை வாசிக்கிறார். அடுத்து லெஸ்டர் எழுகிறார். வேகம் காட்டவில்லை, வித்தை காட்டவில்லை. மிகக் குறைந்த சுரங்கள். நீண்டு நிற்கும் ஒரு சுரம், அதன் பின் மௌனம், பிறகு தாழ்ந்து இறங்கும் ஒரு சின்னச் சொற்றொடர். ஒரு மனிதர் பேசுவதைப் போன்ற அளவு. கேமரா பில்லியின் முகத்துக்குத் திரும்புகிறது. அவர் லெஸ்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலை மெல்ல அசைகிறது. இதழோரத்தில் ஒரு புன்னகை வந்து தங்குகிறது. அவர் அப்போது பாடவில்லை; கேட்டுக்கொண்டிருக்கிறார். இருவரும் சில ஆண்டுகளாக விலகியிருந்தவர்கள் என்பது உடனிருந்தோர் கூற்று. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கண்கலங்கியதாக ஹென்டாஃப் எழுதியிருக்கிறார்.

நான்கு நாள்களுக்கு முன்பு, டிசம்பர் 4 அன்று, இதே நிகழ்ச்சிக்கான இசைத்தட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவுசெய்திருந்தார்கள். அதே பாடல் அதிலும் உண்டு. அதைக் கேட்டால் லெஸ்டரின் ஒலி கிடைக்கும், பில்லியின் குரல் கிடைக்கும். அந்தப் பார்வை கிடைக்காது. இசைத்தட்டுத் தொழில் கறுப்பின மக்களின் ஒலியை உடலிலிருந்து பிரித்தெடுத்து விற்றது. தட்டை வாங்கிய வீட்டில் குரலுக்கு இடம் இருந்தது. குரலுக்கு உரியவர் வாசலில் வந்து நின்றால் இடம் இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி. அந்த மாலையின் நேரலை, பிரிக்கப்பட்ட ஒலியையும் உடலையும் மீண்டும் ஒன்றாக்கிக் காட்டியது. களைத்த முகம், நோயுற்ற உடல், தண்டனை பெற்ற கைகள் எல்லாம் தெரிந்தன. அவற்றிலிருந்துதான் அந்த இசை வந்துகொண்டிருந்தது என்பதும் மறைக்க முடியாமல் தெரிந்தது.

நம் பக்கம்

அண்ணல் அம்பேத்கர் 1913இலிருந்து 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமை அடுத்தே இருக்கிறது. 1946இல் அவர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர் அமைப்பு, அமெரிக்காவின் பிளாக் பேந்தர் இயக்கத்தை நினைவில் வைத்தே பெயர் சூட்டிக்கொண்டது. ஆகவே அவர்களுடைய கலையை நாம் கேட்பது புதிய உறவன்று. ஆயினும் சாதியும் நிறவெறியும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. வேறுபாடு இசையிலேயே தெரிகிறது.

அங்கே முழவைத் தடைசெய்தார்கள். இங்கே பறையைக் கட்டாயமாக்கினார்கள். சாவு வீட்டில் பறையடிப்பதைக் கலையாக எவரும் கருதவில்லை. அது சாதியின் பேரால் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. ஒரு கருவியின் பெயரை மக்கள் மேல் ஒட்டி, அந்தப் பெயரை இழிவாக்கினார்கள். ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் அது ஆங்கிலம் வரை போயிற்று. பில்லியின் போராட்டம் பாடும் உரிமைக்காக நடந்தது. நம் முன்னோர் பல ஊர்களில் நடத்திய போராட்டம் அடிக்க மறுக்கும் உரிமைக்காக நடந்தது. பறையைக் கீழே வைத்ததற்காக அடிபட்டவர்கள் உண்டு, ஊர்விலக்கம் செய்யப்பட்டவர்கள் உண்டு. மறுத்து நிமிர்ந்த பிறகே, 1990களின் கலைக்குழுக்கள் பறையைத் தம் விருப்பத்தில் கையிலெடுத்து விடுதலையின் கருவியாக மாற்ற முடிந்தது. இரண்டு போராட்டங்களும் ஒரே அடிப்படையில் நிற்கின்றன. எங்கே, எப்போது, யாருக்காக ஒலிப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் கலைஞரே.

கேட்பது என்னும் கடமை

1959 மார்ச் 15 அன்று லெஸ்டர் யங் நியூயார்க்கில் காலமானார், வயது 49. நான்கு மாதங்கள் கழித்து, ஜூலை 17 அன்று, பில்லி ஹாலிடே மருத்துவமனையில் உயிர்விட்டார், வயது 44. நோய்ப்படுக்கையில் கிடந்த நிலையிலேயே அவரைப் போதைப்பொருள் வழக்கில் கைதுசெய்து, அறைக்குக் காவல் போட்டிருந்தார்கள். அந்தக் குரலை ஆராதித்த நாடுதான் படுக்கையருகே போலீஸையும் நிறுத்தியது.

இன்று பறை பல மேடைகளில் ஒலிக்கிறது. மாநாடுகளிலும் இலக்கிய விழாக்களிலும் கல்லூரி ஆண்டு விழாக்களிலும் முதல் நிகழ்ச்சி அதுதான். கூட்டம் சேரும்வரை பத்து நிமிடம் அடிக்கிறார்கள். சிறப்பு விருந்தினர் வந்ததும் நிறுத்தச் சொல்கிறார்கள். கலைஞர்கள் ஓரமாகப் போகிறார்கள், கூட்டம் தொடங்குகிறது. அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று அத்தனை பேருக்கும் பெயர் இருக்கும்; அவர்களுக்கு மட்டும் 'பறையிசை' என்ற ஒற்றைச் சொல். ஒலி மேடைக்கு வந்துவிட்டது. ஒலித்தவர் இன்னும் வாசலில் நிற்கிறார்.

இந்த அவையின் வழியாக நாங்கள் முன்வைக்கும் கோரிக்கை சிறியது, நிறைவேற்றக்கூடியது. கலைஞர்களின் பெயர்கள் அழைப்பிதழில் அச்சாக வேண்டும். பேச்சாளருக்கு வழிச்செலவும் மதிப்பூதியமும் தரும் அமைப்புகள் அவர்களுக்கும் பேசிய தொகையைக் குறைக்காமல், காலம் கடத்தாமல் தர வேண்டும். பந்தியிலும் முன்வரிசையிலும் அவர்களுக்கு இடம் வேண்டும். அவர்கள் அடிக்கும் நேரம் நிகழ்ச்சிக்கு முந்தைய நேரம் என்றில்லாமல் நிகழ்ச்சியாகவே அமைய வேண்டும். அந்த நேரத்தில் மேடையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் கேட்க வேண்டும்.

பன்னிரண்டு தாளக்கட்டுகளே கொடுத்தாலும் போதும். முழுமையாகக் கொடுத்து, முகம் பார்த்துக் கேட்க வேண்டும்.